மேகமும் மேடும் – 9: எல்மினா தோட்டத்து மேடு

எல்மினா என்றால் இன்று நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் தேதி 2023 ஆகஸ்டு 17. லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறு ஜெட் விமானம், பார்வைக்கு எந்தத் தடையும் இல்லாத பிற்பகலில் சாலையில் விழுந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரே காரணத்தால் இன்னும் இருவர் மாண்டார்கள்.

அந்த விபத்துக்கு இந்தத் தொடரில் தனி இடம் உண்டு. இந்த வாரம் சொல்ல வந்தது அதற்கு 46 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அன்று எல்மினாவில் வீடமைப்புப் பகுதியும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. நிரை நிரையாகப் பால்மரங்கள் நின்றன. நடுவே மேடும் பள்ளமுமாகத் தோட்டம்.

அந்த மேடுகளில் ஒன்றில்தான், 1977 செப்டம்பர் 27ஆம் தேதி, நான்கு இயந்திரங்களும் சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விமானம் வந்து மோதியது.

* * *

தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாக.

1950 டிசம்பரில் கோயம்புத்தூர் நோக்கி வந்த ஏர் இந்தியா டகோட்டா, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதியதையும், அதில் இருந்த அத்தனை பேரும் இறந்ததையும் பார்த்தோம். உலகம் அறிந்த புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். பிறகு 1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மேகமலைச் சரிவில் விழுந்தது. 31 பேரில் 21 பேர் மாண்டார்கள்.

இரண்டும் சிறிய விமானங்கள். மலைப்பகுதியில் சிறு விமானம் ஏன் விழுகிறது என்பதற்கான காரணங்களை அந்தப் பகுதிகளில் ஒவ்வொன்றாகப் பேசினோம். மதியத்துக்குப் பிறகு முகட்டைச் சுற்றித் திரளும் மேகம். உள்ளே போகப் போகக் குறுகி, திரும்பி வர இடம் கொடுக்காத பள்ளத்தாக்கு. மலையின் மறுபக்கம் கீழ்நோக்கி அழுத்தும் காற்று. உயரம் கூடக் கூட மூச்சுத் திணறும் இயந்திரம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் பார்த்துப் பறக்கக் கிளம்பியவர் மேகத்துக்குள் நுழைந்துவிட்ட பிறகும் திரும்ப மனமில்லாமல் முன்னே போவது.

நம் மலேசியாவிலும் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. 2004 ஜூலையில் சரவாக்கின் பா கெலாலான் மலைப்பகுதியில் காணாமல் போன ஹெலிகாப்டரில் மாநிலத் துணை அமைச்சர் ஜட்சன் தாகால் இருந்தார். 2007 ஜூலையில் கோலாலம்பூரின் கொல்லைப்புறம் என்று சொல்லத்தக்க கெந்திங் செம்பா காட்டில் விமானப்படையின் நூரி ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள்.

கடைசியாகப் பார்த்தது இலங்கை. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம், மலையகத்தில் ஏழு கன்னியர் மலைத் தொடரில் மோதியது. அதில் இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மஸ்கெலியா, நோட்டன்பிரிட்ஜ் தோட்டத்து மக்கள் இன்றும் அதைச் சொல்லிக் கேட்கலாம். விமானிகள் கொழும்பை நெருங்கிவிட்டதாக நினைத்து இறங்கினார்கள். உண்மையில் கடற்கரைச் சமவெளிக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.

இங்கே ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். மார்ட்டினேர் விமானம் சிறியதல்ல. நான்கு இயந்திரம் பூட்டிய டிசி-8. பயிற்சி பெற்ற குழு, கருவிகள், வானொலி எல்லாம் இருந்தன. சிறு விமானத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் விமானி செய்யும் அதே தவற்றை, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் விமானி அறையும் செய்கிறது.

அதே டிசி-8 ரக விமானம்தான் எல்மினாவுக்கும் வந்தது. ஆனால் இந்த முறை எதிரே ஏழு கன்னியர் மலை இல்லை. பால் வாளியோடு ஒரு தொழிலாளி நாள்தோறும் ஏறி இறங்கும் மேடு அது.

* * *

ஒரு பாதை, இரண்டு முனைகள்

சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்டு 30ஆம் தேதி திறக்கப்பட்டது. அதுவரை சுங்கை பெசி விமானத் திடலே கோலாலம்பூரின் வாசலாக இருந்தது. பெரிய ஜெட் விமானங்களுக்காகக் கட்டப்பட்ட சுபாங்கின் ஓடுபாதை 3,780 மீட்டர் நீளம். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற நீளம் அது.

பாதை ஒன்றுதான், பெயர் இரண்டு. வடமேற்கிலிருந்து வந்து இறங்கினால் 15. தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கினால் 33. திசைகாட்டியின் 150 டிகிரியும் 330 டிகிரியும் அப்படிச் சுருங்கி எண்களாகின்றன.

15ஆம் முனைக்கு வரும் விமானம் சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டங்களுக்கு மேலே இறங்கி வரும். எல்மினா அந்த வழியில் இருக்கிறது. 33ஆம் முனைக்கு வருவது பூச்சோங் மேடுகளைத் தாண்டி வரும்.

இந்த இரண்டு பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓடுபாதையின் இரு முனைகளிலும், பன்னிரண்டு ஆண்டுகள்கூட முடியாத இடைவெளியில், இரண்டு பெரிய விமானங்கள் மேட்டில் மோதின.

* * *

டோக்கியோவிலிருந்து வந்த 715

ஜப்பான் ஏர்லைன்ஸ் 715 டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து புறப்பட்டு, ஹாங்காங்கில் நின்று, கோலாலம்பூர் வந்து, பிறகு சிங்கப்பூர் போக வேண்டிய விமானம். பயணிகள் 69 பேர், பணியாளர்கள் 10 பேர்.

செப்டம்பர் கடைசி வாரம் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பருவக்காற்று மாறும் காலம். காலையில் வெயில் சுள்ளென்று காயும். பிற்பகலில் தித்திவங்சா மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். மாலையில் இடியோடு கொட்டும். ஓர் இடத்தில் அடைமழை பெய்யும்போது மூன்று மைல் தள்ளித் தரை காய்ந்து கிடக்கும். விமானிக்கு இந்தத் துண்டு துண்டான மழைதான் பெரிய சோதனை. ஒரு கணம் தரை தெரியும், அடுத்த கணம் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

அன்றும் வானிலை மோசமாக இருந்தது. 715க்கு 15ஆம் முனை ஒதுக்கப்பட்டது. வி.ஓ.ஆர். எனப்படும் வானொலிக் கலங்கரையைப் பிடித்துக்கொண்டு இறங்க அனுமதி கிடைத்தது.

இந்த வி.ஓ.ஆர். விமானிக்கு என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். 'நீ ஓடுபாதைக்கு நேராக வருகிறாயா, இடமா வலமா விலகிவிட்டாயா' என்று அது சொல்லும். 'நீ சரியான உயரத்தில் இருக்கிறாயா' என்று அது சொல்லாது. ஐ.எல்.எஸ். என்ற கருவி இருந்தால் திசையோடு சரிவையும் காட்டும். வி.ஓ.ஆர். வழியில் உயரத்துக்குப் பொறுப்பு முழுக்க விமானியுடையது.

அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்ணை அச்சிட்டுக் கொடுத்திருப்பார்கள். குறைந்தபட்ச இறங்கு உயரம். சுற்றுவட்டார மேடு, மரம், கோபுரம் எல்லாவற்றையும் அளந்து கணக்கிட்ட எண் அது. அந்த உயரம் வரை இறங்கலாம். அங்கே நின்று சமமாகப் பறந்தபடி ஓடுபாதையைத் தேட வேண்டும். கண்ணில் பட்டால் இறங்கலாம். படவில்லையா, எழும்பிப் போய்ச் சுற்றி வர வேண்டும். இதில் பேரத்துக்கு இடமே கிடையாது.

அன்று அந்த எண் 750 அடி.

* * *

நாற்பது வினாடி

விமானம் வழக்கமாக மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும். ஒரு கடல் மைல் முன்னேறினால் ஏறத்தாழ 320 அடி இறங்க வேண்டும் என்பது விமானிகள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. அதன்படி ஓடுபாதைக்கு நான்கு கடல் மைல் முன்னால் ஒரு விமானம் 1,300 அடி அளவில் இருக்க வேண்டும்.

எல்மினா மேடு ஓடுபாதையிலிருந்து சுமார் நான்கு கடல் மைல். 715 அதில் மோதியபோது அது இருந்த உயரம் ஏறத்தாழ 300 அடி.

இருக்க வேண்டிய உயரத்துக்கும் இருந்த உயரத்துக்கும் நடுவே ஆயிரம் அடி போய்விட்டது. அதில் முதல் பகுதியைக்கூட மன்னிக்கலாம். 750 அடிக்குச் சீக்கிரமே இறங்கி, அங்கிருந்து சமமாகப் பறந்து ஓடுபாதையைத் தேடுவது அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த முறைதான். 750ஐத் தாண்டிக் கீழே போன 450 அடிக்கு நியாயமே இல்லை.

450 அடி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? சாதாரணமாக இறங்கும் வேகத்தில் கணக்கிட்டால் முப்பத்தைந்திலிருந்து நாற்பது வினாடி. அந்த நேரத்துக்குள் விமானம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் முன்னேறிவிடும்.

நாற்பது வினாடி என்பது விமானி அறையில் நீண்ட நேரம். உயரமானியின் முள் 700ஐத் தாண்டும். 600ஐத் தாண்டும். 500. 400. முள் ஒளிந்துகொள்ளவில்லை, தலைமை விமானி முன்னாலும் துணை விமானி முன்னாலும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இறங்கும் நேரத்தில், அதுவும் மழையில், கண் கருவியில் நிற்காது. கண்ணாடிக்கு வெளியே போய்விடும். ஏதாவது ஒரு விளக்கு, ஒரு சாலை, ஓடுபாதையின் ஓர் ஓரம் தெரியாதா என்று தேடும்.

இதில் மழை இன்னொரு வஞ்சகமும் செய்யும். கண்ணாடியில் வழியும் நீர் ஒளியை வளைப்பதால், விமானிக்குத் தான் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். தோன்றினால் கை தானாக இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும். இதற்குத்தான் அந்த அச்சிட்ட எண். கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

ஓடுபாதை தெரியாமலேயே தலைமை விமானி குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கினார், தெரியாமலேயே இறங்கிக்கொண்டே இருந்தார் என்பது விசாரணையின் முடிவு.

பால்மரங்களின் உச்சி முதலில் உரசியது. பிறகு மேடு.

* * *

தோட்டத்துக்குள்

79 பேரில் 34 பேர் இறந்தார்கள். பயணிகள் 26 பேர், பணியாளர்கள் 8 பேர். பத்துப் பணியாளர்களில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். ஆனாலும் 45 பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். மலையில் மோதிய விமானத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பது அரிது. ஏழு கன்னியர் மலையில் மோதியது செங்குத்தான பாறையில். எல்மினாவில் கீழே இருந்தது தாழ்ந்த மண்மேடும் மரங்களும்.

சிலாங்கூரின் பால்மரத் தோட்டம் எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். மேட்டைச் சுற்றி வரப்பு வரப்பாக வெட்டிய தளங்களில் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கம்பியில் கட்டிய மங்கு. மழை பெய்தால் வெட்டுக் கோட்டில் நீர் வழிந்து பால் வீணாகும், அன்று வேலை கிடையாது. உள்ளே போவது செம்மண் சாலை. மழைக்குப் பிறகு அது சாலையாக இருக்காது, வழுக்கும் களிமண்ணாக இருக்கும். லாரியே திணறும் அந்தப் பாதையில்தான் மருத்துவ ஊர்திகள் போக வேண்டும், தூக்குப் படுக்கைகள் வர வேண்டும்.

நகரத்துக்கு இவ்வளவு அருகே நடந்த விபத்து இது. நான்கு கடல் மைல் என்றால் ஏழரை கிலோமீட்டர், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயா போகும் தூரம்தான். ஆனாலும் தொலைதூர மலைக்காட்டில் விழுந்த விமானத்தை எட்டுவதில் இருக்கும் அத்தனை சிரமங்களும் இங்கே இருந்தன.

* * *

திரும்பி வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது

அனுபவம் உள்ள ஒரு விமானி ஏன் அந்த எண்ணைத் தாண்டினார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது என் மனம் கோத்தகிரிக்கே போகிறது. ஆபிரகாம் வால்டை உலகம் நினைவில் வைத்திருப்பது எதற்காக? இரண்டாம் உலகப் போரில், குண்டு வீசிவிட்டுத் திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே துளைகள் இருக்கின்றன என்று பார்த்து, அந்த இடங்களுக்குக் கவசம் போடலாம் என்ற எண்ணம் எழுந்தது. வால்டின் கணக்கு வேறு திசையைக் காட்டியது. நாம் பார்ப்பவை திரும்பி வந்தவை. துளை விழுந்தும் திரும்பி வந்தன என்றால் அந்த இடத்தில் அடிபட்டால் ஆபத்தில்லை. வராதவற்றுக்கு எங்கே அடிபட்டதோ அங்கேதான் கவசம் வேண்டும்.

குறைந்தபட்ச உயரத்தைத் தாண்டும் விமானியின் கதையும் இதுவே. ஒரு நாள் மழையில் ஐம்பது அடி கீழே இறங்கிப் பார்க்கிறார். விளக்கு தெரிகிறது. நல்லபடியாக இறங்குகிறார். பயணிகள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் அறிக்கை எழுதுவதில்லை. அடுத்த முறை நூறு அடி. அதுவும் பலிக்கிறது. ஒவ்வொரு முறை தப்பித்தாலும், 'இந்த எண்ணில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்' என்ற நம்பிக்கை வளர்கிறது. தவறு செய்தும் இறங்கிவிட்ட பயணங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. மேட்டில் மோதிய ஒன்றுதான் கோப்பில் இருக்கிறது.

715இன் தலைமை விமானி முன்பு அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் ஒரு தொழிலுக்குள் எப்படி வேர் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சிறு விமானங்களில், மலைநாட்டு ஓடுதளங்களில், இது இன்னும் கொடுமை. மேகத்துக்கு அடியில் நுழைந்து நுழைந்து பள்ளத்தாக்கைக் கடந்த விமானியை ஊரே கெட்டிக்காரர் என்று கொண்டாடும். அவர் கடக்காத அந்த ஒரு நாள் வரும்வரை.

* * *

பேசாத வாய்

விசாரணை சுட்டிக்காட்டிய இன்னொன்று உண்டு. தலைமை விமானி விதியை மீறி இறங்கியபோது துணை விமானி அதைத் தட்டிக் கேட்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்மினாவின் திருப்புமுனை இந்த ஒரு வரிதான். சிறு விமானத்தில் சொல்வதற்கு ஆள் இல்லை. இங்கே ஆள் இருந்தும் சொல் வரவில்லை.

நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. துரை தப்பாக ஒரு மரத்தைக் காட்டி வெட்டச் சொன்னால், 'ஐயா, அது இல்லை' என்று சொல்ல எந்தக் கங்காணிக்கு அன்று வாய் வந்தது? விமானி அறையிலும் அந்தப் படிநிலை இருந்தது. தலைமை விமானி மூத்தவர், அவர் கையெழுத்தில்தான் இளையவரின் வேலை உயர்வு. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். ஒருவேளை அவர் ஓடுபாதையைப் பார்த்துவிட்டாரோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்ற தயக்கம். நாற்பது வினாடியில் இத்தனையும் மனத்தில் ஓடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இது ஜப்பானியருக்கு மட்டும் உரிய குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்மினாவுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், 1977 மார்ச் 27 அன்று, டெனரீஃப் தீவின் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே டச்சு விமானத்தின் பொறியாளர் சந்தேகத்தைக் கேட்கவே கேட்டார், எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று. மூத்த விமானி விலகிவிட்டது என்றார். பொறியாளர் அதற்கு மேல் அழுத்தவில்லை.

இந்த மாதிரி விபத்துகள் சேர்ந்துதான் 1979இல் நாசாவை ஒரு பயிலரங்கு கூட்ட வைத்தன. விமானத்தைவிட விமானி அறைக்குள் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் முறையே பழுதாகியிருக்கிறது என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள். 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதற்கான பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் கேட்க வேண்டும், மூத்தவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் பாடமானது.

* * *

மறுநாள்

எல்மினா உலக நினைவில் ஏன் தங்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு.

விபத்து நடந்த மறுநாள், செப்டம்பர் 28, அதே நிறுவனத்தின் 472ஆம் விமானம் பம்பாயிலிருந்து கிளம்பிய பிறகு கடத்தப்பட்டது. ஜப்பானியச் செம்படையினர் அதை டாக்காவில் இறக்கினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அவர்கள் கையில். ஜப்பானிய அரசு 60 லட்சம் டாலரையும் சிறைக் கைதிகள் ஆறு பேரையும் கொடுக்க வேண்டி வந்தது. உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கம் டாக்காவுக்குப் போயிற்று.

கோலாலம்பூருக்குச் செம்படை புதிதல்ல. 1975 ஆகஸ்டில் ஜாலான் அம்பாங்கில் ஏ.ஐ.ஏ. கட்டடத்துக்குள் புகுந்து ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பிணை பிடித்த கூட்டம் அது. அன்றும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில்தான் அவர்கள் சுபாங்கிலிருந்து லிபியாவுக்குப் போனார்கள்.

1977 டிசம்பர் 4இல் நம் நாட்டு விமானமே கடத்தப்பட்டு, தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து நூறு பேர் இறந்தார்கள். மலேசியர் நெஞ்சில் அந்த ஆண்டின் துயரமாக அதுவே நின்றுவிட்டது. அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு கடத்தல்களின் நிழலில், யாரும் கடத்தாமல், எதுவும் பழுதாகாமல் மேட்டில் மோதிய விமானம் மறைந்துபோனது. கெட்டவன் இல்லாத விபத்தை மக்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். நாம் அஞ்ச வேண்டியதும் ஆராய வேண்டியதும் அப்படிப்பட்ட விபத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

* * *

சொல்லும் இயந்திரம்

மனிதன் சொல்லத் தயங்கினால் இயந்திரம் சொல்லட்டும் என்று முடிவு செய்த ஒருவர் இருந்தார். கனடாவின் சாஸ்கட்டூனில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன்.

1971 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோ அருகே ஒரு போயிங் 727 மலையில் மோதி 111 பேர் இறந்தார்கள். பேட்மன் தம் கருவியைச் சிறு விமானம் ஒன்றில் பொருத்தி, அந்த விமானம் போன வழியிலேயே பறந்து சோதித்தார். கருவி செய்வது எளிமையானது. விமானத்தின் வயிற்றிலிருந்து வானொலி அலையைக் கீழே அனுப்பித் தரைக்கும் தனக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். அந்தத் தூரம் வேகமாகக் குறைந்தால் கூக்குரல் எழுப்பும். 'புல் அப், புல் அப்' என்று கத்தும். மேலே இழு என்று.

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் நோக்கி வந்த டிடபிள்யூஏ விமானம் வர்ஜீனியா மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஏழு கன்னியர் மலை விபத்து அதற்கு மூன்று நாள் கழித்து. வர்ஜீனியாவின் அடி விழுந்த பிறகுதான் அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களில் அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. பின்னர் மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. சிறு விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. விசையாழி இயந்திரம் பூட்டிய சிறு விமானங்களுக்கு அமெரிக்காவிலேயே 2000க்குப் பிறகுதான் விதி வந்தது. மலையோடு மலையாக வாழ்கிற விமானங்கள் அவைதான், கடைசியாகக் கவனிக்கப்பட்டவையும் அவைதான்.

1980களின் முடிவில் கருவியும் இருந்தது, விமானி அறையில் பேசும் பயிற்சியும் பரவத் தொடங்கியிருந்தது. எல்மினா இனி நடக்காது என்று நம்ப இடம் இருந்தது.

* * *

மறு முனை

1989 பிப்ரவரி 19, விடியற்காலை. சிங்கப்பூரிலிருந்து துணியும் அஞ்சல் பைகளும் கணினிப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 66ஆம் சரக்கு விமானம் சுபாங்கை நெருங்குகிறது. போயிங் 747. உள்ளே நால்வர். இந்த முறை வருவது 33ஆம் முனைக்கு, பூச்சோங் பக்கமாக.

கட்டுப்பாட்டு அறை உயரத்தைச் சொல்கிறது. இறங்க வேண்டியது 2,400 அடிக்கு. முறைப்படி சொல்வதானால் 'இரண்டாயிரத்து நானூறு' என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்று அது 'டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று எண் எண்ணாக வந்தது. முதலில் வந்த 'டூ' இரண்டு என்ற எண். விமானியின் காதில் அது '-க்கு' என்ற சொல்லாக விழுந்தது.

'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று பதில் போனது. நானூறு அடி. தரையிலிருந்து யாரும் திருத்தவில்லை.

விமானம் 2,400ஐத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. கீழே பூச்சோங் மேடுகள் காத்திருந்தன. ஆனால் எல்மினாவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். விமானி அறையில் பேட்மனின் கருவி இருந்தது, பழுதில்லாமல் இயங்கியது. மேடு நெருங்க நெருங்க அது தன் கடமையைச் செய்தது. எழுப்ப வேண்டிய குரலை எழுப்பியது, மீண்டும் எழுப்பியது.

விமானம் மேலே எழும்பவில்லை. மேட்டில் மோதியது. நால்வரும் இறந்தார்கள். தீ இரண்டு நாள் எரிந்தது.

எல்மினாவில் பக்கத்தில் இருந்தவர் தட்டிக் கேட்கவில்லை. பூச்சோங்கில் இயந்திரம் சொன்னது, திரும்பத் திரும்பச் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த, பல்லாயிரம் மைல் பறந்து பழகிய கைகள் ஏன் விமானத்தை மேலே இழுக்கவில்லை?

(அடுத்த வாரம்)